பத்மாவதி அம்மாளின் பங்கு

அம்பிகைபாகனின் தாயார் பத்மாவதி அம்மாள் பினாங்குக்கு ஒருநாளும் வந்ததில்லை. கப்பல் என்ற பேரைக் கேட்டாலே வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லி யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்திலேயே இருந்து, உலகச் சண்டை தொடங்க ஐந்து வருடம் இருக்கும்போதே அங்கேயே கண்ணை மூடிவிட்டார். அப்படிப்பட்டவர், 1944ஆம் ஆண்டு பங்குனி மாதம் தொடங்கி, சூலியா தெருவுக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில் வாரம் தவறாமல் ரேஷன் பங்காக அரிசியும் சீனியும் பச்சைப்பயறும் வாங்கிக்கொண்டிருந்தார். வயது எழுபத்தெட்டு, நடமாட்டமில்லை, விசேஷப் பங்கு என்று சந்தின் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் மகன்தான்.

இந்த விஷயம் செல்வநாயகிக்குத் தெரியவந்ததே அவள் கணவன் தம்பு இறந்துபோனதால்தான். இறந்துபோனது என்றால், அதுவும் பதிவேட்டில்தான்.

தம்பு துறைமுகக் கிட்டங்கியில் எழுத்தராக இருந்தவன். மரவள்ளிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்று தின்று பெரிபெரி வந்து, இரண்டு கால்களும் வீங்கி, ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தான். பேனுக்குப் பயந்து அங்கே தலையை வழித்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சந்திரசேகரன் செல்வநாயகியைத் தனியாகக் கூப்பிட்டு, பச்சைப்பயறு கொடுத்தால் ஆள் எழும்புவார், மரவள்ளியே கொடுத்தால் வீக்கம் நெஞ்சுக்கு ஏறும் என்று சொன்னார். பச்சைப்பயறோ விசேஷப் பங்கில் மட்டுந்தான் உண்டு. அந்தச் சந்துக்கு மூன்றே மூன்று விசேஷப் பங்கு. அதில் ஒன்று, அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோதே, நோயாளி என்ற கணக்கில் தம்புவுக்கு எழுதியாகியிருந்தது. ஆகவே செல்வநாயகி நிம்மதியாகப் பையை எடுத்துக்கொண்டு சந்துத் தலைவர் வீட்டுக்குப் போனாள்.

சந்துத் தலைவர் அம்பிகைபாகன். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கந்தோரில் தலைமைக் கிளாக்கர். ஜப்பான்காரன் வந்து, நாற்பது வீட்டுக்கும் பங்கு அளந்து கொடுக்க இங்கிலீஷும் மலாயும் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றதும், மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க இவர் கையைத் தூக்கினார். தூக்கிய கையின் கட்டைவிரல் அன்று முதல் அரிசி அளக்கும் பால்பேணி என்ற தகர டப்பாவுக்குள்ளேயே குடியிருந்தது. பேணிக்கு ஒரு விரல் அரிசி குறைந்தால் நாற்பது வீட்டுக்கும் எவ்வளவு குறையும் என்பதைச் சந்தே வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்ளும். உரக்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அவர் ஒரு சொல் சொன்னால் கெம்பித்தாய் என்ற ராணுவப் போலீஸ் வாசலில் வந்து நிற்கும்.

“அண்ணை, அவர் ஆஸ்பத்திரியால வந்திட்டார். அவற்ற பங்கை இனித் தரலாம்தானே?” என்றாள் செல்வநாயகி.

அம்பிகைபாகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை, அதில ஒரு சின்னச் சிக்கல். தம்பு காலமாகிட்டார்.”

“வீட்டில படுத்திருந்து மரவள்ளி வேண்டாமெண்டு என்னோட சண்டை பிடிக்கிறார், அண்ணை.”

“அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாதே. ஆஸ்பத்திரியில இருந்து ஒரு லிஸ்ட் வந்தது. அதில ஒரு தம்பு. நான் இவராக்குமெண்டு நினைச்சு எழுதிப்போட்டன்.”

“பிழையெண்டா திருத்தலாம்தானே?”

“திருத்தினா, முதல்ல ஏன் பிழையா எழுதினாய் எண்டு ஜப்பான்காரன் என்ர கன்னத்தில அறைவான். கொஞ்சம் பொறும். சண்டை முடியட்டும்.” இரக்கம் காட்டுகிறவர்போல அவர் பதிவேட்டைத் திறந்து, ‘காலமானார்’ என்ற இடத்தைத் தன் பக்கமாகவே வைத்துத் தொட்டுக் காட்டினார்.

அதுதான் அவர் செய்த பிழை. செல்வநாயகி சண்டைக்கு முன்னால் பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகளுக்கு எதிரே நின்று அவர்களுடைய சிலேட்டைத் தலைகீழாக வாசித்து வாசித்துப் பழகிய கண் அவளுடையது. தம்பு காலமான தேதியையும், அதே தேதியில், அதே மையில், அடுத்த வரியில் பத்மாவதி என்ற ஒரு தாயார் விசேஷப் பங்கில் சேர்க்கப்பட்டிருப்பதையும் அவள் ஒரே பார்வையில் வாசித்துவிட்டாள். மூன்று இடத்தில் ஒரு இடம் காலியானால்தானே புதிதாக ஒருவர் வரலாம். தன் செத்த தாயை உயிர்ப்பிக்க இந்த மனிதர் தன்னுடைய உயிரோடிருக்கிற புருஷனைச் சாகடித்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. ஆனால் வாய் மட்டும், “சரி அண்ணை, பொறுக்கிறன்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தது.

தம்பு முழுவதையும் கேட்டான். “விடும் செல்வம். நீர் போய்ச் சொன்னா அவரை மட்டுமே அடிப்பாங்கள்? முழுச் சந்து ஆக்களையும் வரிசையில நிப்பாட்டி அடிப்பாங்கள்.”

“நான் ஆரிட்டையும் ஒண்டும் சொல்லப்போறதில்லை. அவற்ற அம்மாவைப் பாக்க ஆசையாக் கிடக்கு, அவ்வளவுதான்.”

தம்புவுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை அடிக்காமலே அழவைக்கும் சிரிப்பு அது.

சித்திரா பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தாயை இழந்தவர்கள் அன்றைக்கு விரதம் பிடிப்பார்கள். காலையில் பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் பல்லில் படாது. மத்தியானம் தாய்க்குப் பிடித்த கறிகளையெல்லாம் சமைத்து, வாழையிலையில் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. தாய் உயிரோடு இருக்கிறவர்கள் இந்த விரதத்தின் பக்கமே போகமாட்டார்கள், அது தாயின் ஆயுசுக்கு ஆகாது. அம்பிகைபாகன் எதில் ஏமாற்றினாலும் இதில் ஏமாற்றாதவர். வருடா வருடம் பன்னிரண்டு கறியோடு படைத்துச் சந்துக்கே சாப்பாடு போட்டவர். ஜப்பான்காரன் வந்தபிறகு அவர் செய்த ஒரே மாற்றம், பசி தாங்கமுடியாமல், விரதத்தை டோக்கியோ மணிப்படி முடிப்பதுதான். ஊரிலுள்ள மணிக்கூடுகளையெல்லாம் ஒன்றரை மணிநேரம் முன்னால் தள்ளச் சொல்லி உத்தரவு வந்தபோது ஊரே திட்டியது. இவர் ஒருவர்தான் சந்தோஷப்பட்டார்.

செல்வநாயகி சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் அப்துல் அஜீஸைப் பிடித்தாள். அஜீஸ் இப்போது பங்கீட்டு அதிகாரி மொரிதாவின் மொழிபெயர்ப்பாளன்; பேச்சின் முடிவில் மலாய்க்காரர்போல ‘லா’ போடுகிறவன். முன்பு அம்பிகைபாகனின் கந்தோரில் பியூனாக இருந்து, அவருடைய சாப்பாட்டுக் கேரியரை ஆறு வருடம் சுமந்தவன். அதில் ஒருநாள்கூட ஒரு வடை மிஞ்சி வந்ததில்லை என்பதை அவன் இன்னும் மறக்கவில்லை.

“இந்த மாசம் எல்லாச் சந்துலயும் தலை எண்ணுறாங்க அக்கா,” என்றான் அஜீஸ். “அவங்கவங்க வாசல்ல கார்டோட நிக்கணும். ஆள் இல்லன்னா தலைவருக்குப் பூசைதான் லா.”

“படுத்த படுக்கையில இருக்கிற ஆக்களெண்டா?”

“தொரை உள்ள வந்து பாப்பாரு. கெழவிங்கன்னா அவருக்கு உசுரு. அவரு அம்மா பேச்ச எடுத்தாலே மூக்க உறிஞ்ச ஆரம்பிச்சிருவாரு.”

“அப்ப எங்கட சந்துக் கணக்கைப் பௌர்ணமியண்டைக்கு வையும், தம்பி. எங்கட தலைவற்ற தாயார் எழுபத்தெட்டு வயசு எண்டும் அவருக்குச் சொல்லும். பாத்தா சந்தோசப்படுவார்.”

அஜீஸ் தேத்தண்ணிக் குவளையை மெதுவாகக் கீழே வைத்தான். “அவங்க சிலோன்ல மௌத்தாயிட்டாங்கன்னு நாந்தானே அக்கா தந்தி வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன்?”

“பதிவேட்டில இருக்கிறா.”

சிரிப்பில் அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. “நான் ஒண்ணும் கேக்கல லா. தேதிய மட்டும் மாத்தி வைக்கிறேன்.”

அறிவிப்பு வந்த அன்று அம்பிகைபாகனுக்கு வியர்த்த வியர்வையில் சட்டை மூன்று தரம் நனைந்தது. அம்மாள் ஈப்போவுக்குப் போய்விட்டார் என்று சொல்லலாமென்றால், ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு எழுதுவதே மொரிதாவின் அலுவலகம். செத்துப்போனார் என்றால் பிணம் எங்கே என்பார். யாராவது ஒரு கிழவியைப் படுக்கவைப்பதுதான் வழி என்று முடிவு செய்து, வீடுவீடாகப் போனார். அங்கேதான் சிக்கல். சந்திலுள்ள ஒவ்வொரு கிழவியும் தன் பெயருக்குத் தன் வாசலில் நிற்கவேண்டும். அடுத்த வீட்டு ருக்குமணியின் மாமியார் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “ஒரே நேரத்துல ரெண்டு வாசல்ல நிக்க நான் என்ன மாரியாத்தாவா, ஐயா?” என்று கேட்டுவிட்டாள்.

பதிவேட்டில் பெயரில்லாத ஓர் ஆள் வேண்டும். அப்படி அந்தச் சந்து முழுவதிலும் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அந்த ஆளை உண்டாக்கியவரே அம்பிகைபாகன்தான்.

விரதத்துக்கு முந்தின நாள் பின்னேரம் அவர் செல்வநாயகியின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம் பயறு இருந்தது. “பிள்ளை, தம்புவுக்கு இப்ப எப்பிடி?” என்று முதல்முறையாக விசாரித்தார்.

“அவர் செத்திட்டாரே, அண்ணை.”

“பகிடி விடாதையும். ஒரு உதவி வேணும்.” சொல்லி முடிக்க அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. தாயார் பெயர் எப்படிப் பதிவேட்டில் வந்தது என்பதை மட்டும் அவர் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றிலும் தப்பு மற்றவர்களுடையதாகவே இருந்தது.

கட்டிலில் கிடந்த தம்பு எழுந்து உட்கார்ந்தான். “பொம்பிளையாகவோ? மீசையோ?”

“செத்தவராக் கிடக்கிறதிலும் பாக்கப் பொம்பிளையாக் கிடக்கிறது மேல்,” என்றாள் செல்வநாயகி. பிறகு அம்பிகைபாகனிடம் திரும்பினாள். “அவற்ற பேரைத் திரும்ப எழுதுவீங்களோ?”

“நாளையண்டைக்கே. அம்மாவாணை.”

“எந்த அம்மாவாணை, அண்ணை? செத்த அம்மாவோ, பதிவேட்டு அம்மாவோ?”

அவர் பயறுப் பொட்டலத்தை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார். அந்த மனிதர் எழுதமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆகவே வேறொன்று கேட்டாள். “அம்மாவிட பங்கீட்டு அட்டை நாளைக்கு அம்மாவிட கையில இருக்கவேணும். அதிகாரி பாத்தா நம்புவார்.” அதில் என்ன நட்டம் என்று நினைத்து அவர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சித்திரா பௌர்ணமி காலையில் அம்பிகைபாகன் குளித்து, திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு நின்றார். தாயாரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, போட்ட மாலையோடு அலமாரிக்குப் பின்னால் சொருகினார். சமையலை மட்டும் அவரால் விடமுடியவில்லை. தாய்க்குப் படைக்காமல் இருக்க அந்த மனத்துக்குத் துணிவு வரவில்லை. பின்கட்டில் அவர் மனைவி கனகேஸ்வரி விடியுமுன்னரே அடுப்படியில் நின்றாள். அந்தப் பஞ்சத்திலும் வெள்ளை அரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்கறி, வடை, பாயசம். வாசனை சந்து முழுவதும் போய், நாற்பது வீட்டு வயிற்றையும் ஒரு பிடி பிடித்தது.

உள் அறையில் தம்பு கனகேஸ்வரியின் வெள்ளைச் சேலையில், முக்காட்டோடு, போர்வைக்குள் கிடந்தான். மீசை போய்விட்டது. வழித்த தலை நல்லவேளையாக விதவைத் தாயின் தலையாகப் பொருந்தியது. போர்வைக்கு வெளியே தெரிந்த வீங்கிய பாதம் வயதான பாதம்போலவே இருந்தது. கனகேஸ்வரி வந்து ஒருமுறை பார்த்தாள். “மாமி உயிரோட இருக்கேக்கையும் இவ்வளவு அமைதியா இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

டோக்கியோ மணி பத்துக்கு மொரிதா வந்தார். குட்டையான, கனத்த, வாள் தரையில் இழுபடுகிற மனிதர். சந்தின் முதல் வாசல் செல்வநாயகியுடையது. அவளை எண்ணிவிட்டு அவர்கள் அப்பால் போனதும் அவள் பின்வழியாக அம்பிகைபாகன் வீட்டுக்குள் நுழைந்து, அறைக் கதவோரம் நின்றுகொண்டாள். கடைசியாக மொரிதா அந்த வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கட்டிலின் எதிரே இடுப்பை மடித்து, சந்தில் யாருக்கும் கிடைத்திராத அளவு ஆழமாக வணங்கினார். பத்மாவதி அம்மாள் போர்வைக்குள்ளிருந்து அட்டையை உயர்த்திக் காட்டினார்.

மொரிதா முக்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். அஜீஸ் சொன்னான். “தொரையோட அம்மாவுக்கும் கால் வீக்கமாம். அவங்களப் பாத்து மூணு வருசமாச்சாம்.” பிறகு மொரிதா பேச்சை நிறுத்தி மூக்கை உயர்த்தினார். “இவ்வளவு சமையல் யாருக்குன்னு கேக்குறாரு.”

அம்பிகைபாகன் விழித்தார். அவருக்கு ஒரு பொய்யும் வரவில்லை. “அம்மாவுக்கு,” என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

“அப்ப கொண்டாரச் சொல்றாரு.”

கனகேஸ்வரி படையலுக்கென்று வைத்திருந்த தலைவாழையிலையைக் கொண்டுவந்து, கட்டிலருகே ஒரு பலகையில் விரித்து, எல்லாவற்றையும் பரிமாறினாள். அவள் ஒன்றையும் குறைக்கவில்லை. தம்புவின் கை போர்வைக்குள்ளிருந்து வந்தது. எட்டு மாதமாக வயிறாரச் சோற்றைக் காணாத கை அது. முதல் கவளத்தில் பயற்றங்கறியைப் பிசைந்தபோது அது ஒரு பருக்கையையும் சிந்தவிடவில்லை. அந்தக் கவனத்தில் நடிப்பே இல்லை. கதவோரம் நின்ற செல்வநாயகி அந்தக் கையையே பார்த்தாள். சாப்பிடட்டும், யாருடைய பெயரிலாவது சாப்பிடட்டும் என்று நினைத்தாள்.

மொரிதா கையைத் தூக்கி நிறுத்தி, ஏதோ சொன்னார்.

“அவங்க ஊர் வீட்டுல அம்மா முதல் வாய மகனுக்குத்தான் ஊட்டுவாங்களாம். அதைப் பாக்கணும்னு ஆசைப்படுறாரு,” என்றான் அஜீஸ்.

அம்பிகைபாகன் ஒரு அடி பின்னால் போனார். “வேண்டாம். எனக்கு இண்டைக்கு விரதம்.”

அஜீஸ் மிகுந்த பணிவோடு கேட்டான். “எதுக்கு விரதம்னு தொரைக்குச் சொல்லட்டும், அண்ணே?”

அம்பிகைபாகன் அஜீஸைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு கட்டிலருகே முழங்காலிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பத்மாவதி அம்மாள் ஒரு நல்ல கவளமாக உருட்டி ஊட்டினார். அம்பிகைபாகன் விழுங்கினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “அம்மா, மன்னிச்சுக்கொள்ளணை,” என்று அவர் முனகியது கட்டிலில் கிடந்தவனிடம் அல்ல என்பது செல்வநாயகிக்கு விளங்கியது. அந்த மனிதர் தாய்மேல் உண்மையாகவே பாசம் வைத்திருந்தார். ஒரு கணம் அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. பிறகு போர்வைக்கு வெளியே தெரிந்த புருஷனின் காலைப் பார்த்தாள். பாவம் பார்த்தது போதுமென்று நினைத்தாள்.

மொரிதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து மூன்று உத்தரவு போட்டார். அஜீஸ் ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்மாளின் பங்கை இனி வாரவாரம் அஜீஸே கொண்டுவந்து, அம்மாள் கையிலேயே கொடுப்பான். பயறு இரட்டிப்பாகும். அம்மாளுக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் மொரிதாவுக்குச் சொல்லவேண்டும், அவரே நேரில் வந்து முகம் பார்த்து ஊதுவத்தி கொளுத்துவார்.

மூன்றாவது உத்தரவைக் கேட்டபோது அம்பிகைபாகனின் கண்ணில் கடைசியாக மிஞ்சியிருந்த வெளிச்சமும் அணைந்தது. தாயாரை அடுத்த வாரமே பதிவேட்டில் சாகடித்துவிடலாம் என்றுதான் அவர் எண்ணியிருந்தார்.

அதிகாரி போனதும் அவர் தரையில் அப்படியே உட்கார்ந்தார். இலை வழித்துத் துடைத்ததுபோலக் கிடந்தது. பாயசத்தின் ஈரம்கூட இல்லை. “காகத்துக்கு வைக்கவும் ஒண்டும் மிஞ்சேல்லையே,” என்றார் பரிதாபமாக. பிறகு பழைய குணம் தலைதூக்கியது. கையை நீட்டினார். “தம்பு, அட்டையைத் தாரும்.”

தம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டான். “பெத்த தாயிட்டையோ அட்டையைப் பறிக்கிறாய், மகனே?”

அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற கனகேஸ்வரி வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள்.

“பிள்ளை, நீர் சொல்லும்,” என்று அம்பிகைபாகன் செல்வநாயகியிடம் கெஞ்சினார். “இப்பவே பதிவேட்டை எடுக்கிறன். தம்புவை இப்பவே உயிரோட எழுதிறன். அட்டையைத் தரச்சொல்லும்.”

இதற்காகத்தானே அவள் பத்து நாளைக்கு முன் பையோடு வந்து நின்றாள். செல்வநாயகி கொஞ்சம் யோசித்தாள். தம்பு உயிரோடு வந்தால், அவன் பங்கைக் கட்டைவிரல் கிடக்கும் பால்பேணியால் இவர்தான் அளப்பார். பத்மாவதி அம்மாளின் பங்கை அஜீஸ் அளப்பான். அது மட்டுமல்ல, கால் தேறியதும், போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வருகிறவன் பதிவேட்டைப் பார்த்துத்தான் பிடிப்பான். எழுபத்தெட்டு வயதுக் கிழவியை எவனும் பிடிக்கமாட்டான்.

“வேண்டாம் அண்ணை,” என்றாள். “பிழையைத் திருத்தினா ஜப்பான்காரன் அறைவான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அவர் செத்தவராவே இருக்கட்டும். சண்டை முடியட்டும், பாப்பம்.”

வாரவாரம் அஜீஸ் வரும் நாளில் மட்டும், சிலவேளை மொரிதாவும் கூட வருவார் என்பதால், தம்பு பின்வழியாகப் போய் அந்தக் கட்டிலில் படுப்பான். இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. நாலாவது மாதம் பத்மாவதி அம்மாளுக்குக் கன்னத்தில் சதை வைத்திருப்பதைப் பார்த்து மொரிதா மகனின் தோளில் தட்டிப் பாராட்டினார். பால்பேணியில் கட்டைவிரல் இன்னமும் இருந்தது. ஆனால் தம்பு வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் அம்பிகைபாகன் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அடுத்த வருடம் சித்திரா பௌர்ணமி வந்தது. அன்று காலை சந்தில் தாயில்லாதவர்களெல்லாம் பச்சைத்தண்ணீரோடு இருக்க, மொரிதா வருகிறார் என்று தெரிந்து, அம்பிகைபாகன் எல்லோரும் பார்க்க வாசலில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கண்ணீரோடு தின்றுகொண்டிருந்தார். தாய் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த விரதத்தைப் பிடிப்பதில்லை.